சேற்றுக்கு அடியில் ஒரு தரை

மாரிப் போகத்துக்காகச் சேறடித்து வைத்திருக்கும் வயலுக்குள் காலை வையுங்கள். கணுக்கால் மறையும், கெண்டைக்கால் பாதி மறையும், அத்தோடு கால் நின்றுவிடும். பெருவிரலை ஊன்றித் துழாவினால் அடியில் வழுவழுப்பாக, இறுக்கமாக ஏதோ தட்டுப்படும். அதே வயலில் பக்கத்தில் நாலு சில்லு உழவு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எடை ஏறக்குறைய இரண்டு டன். அதுவும் கிட்டத்தட்ட உங்கள் கால் நின்ற ஆழத்திலேயே நின்றுகொண்டு ஓடுகிறது. அறுபது கிலோ மனிதருக்கும் இரண்டு டன் இயந்திரத்துக்கும் சேறு ஒரே ஆழத்தில் இடம் விடுவது எப்படி?

கேள்வியின் மறுபாதி கிழக்கிலங்கையின் பெரியகல்லாற்றுக்குள்ளேயே கிடக்கிறது. ஊர் இருப்பது கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில். வயல்வெளிகளோ வாவிக்கு அப்பால், படுவான்கரையில். பட்டிருப்புப் பாலத்தாலோ, குருமண்வெளித் துறையில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி மண்டூருக்கோ போய்த்தான் வேளாண்மை செய்ய வேண்டும். ஊர் வளவில் ஒரு மழை கொட்டி ஓய்ந்தால் சற்று நேரத்தில் முற்றம் காய்ந்துவிடும். அதே மழை மறுகரையில் வரம்புக்குள் நாட்கணக்கில் நிற்கும். ஊர் வளவில் எத்தனை தரம் உழுதாலும் காலைத் தடுக்கும் அந்தத் தரை உருவாவதில்லை. மறுகரையில் மட்டும் அது எங்கிருந்து வந்தது?

நல்ல மேட்டுநில மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்தால் அது தூளாக இருக்காது, கட்டியாகவும் இருக்காது, மணிமணியாக உதிரும். மணல், வண்டல், களி என்ற மூன்று வகைத் துகள்களையும் மட்கும், வேரின் கசிவும், பூஞ்சண இழையும் ஒட்டவைத்து உருவாக்கிய மணிகள் இவை. மண்ணியலாளர் இவற்றை மண்திரள் என்பார்கள். திரளுக்குள் மிக நுண்ணிய துளைகளும், திரள்களுக்கு இடையே அகலமான துளைகளும் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலத்துக்கு மேற்பட்ட துளைகளில் தண்ணீர் தங்காது. ஓரிரு நாளில் கீழே வடிந்து, அந்த இடத்துக்குக் காற்று வரும். சிறிய துளைகளில் தண்ணீர் பிடித்து நிற்கும். வேர் குடிப்பது அதைத்தான்.

இதைச் சமையலறையில் காணலாம். வறுத்த அரிசிமாவில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைத்தால் மாவு மணிமணியாகத் திரளும். குழலில் போட்டு அவித்தால் ஆவி இடைவெளிகளில் புகுந்து மேலே வரும், புட்டு அவியும். அதே மாவில் தண்ணீரை அள்ளி ஊற்றிப் பிசைந்துவிட்டால்? மணிகள் கரைந்து களியாகும். ஆவி ஒரு இடத்தாலும் வெளியே வராது. மாவு அதே மாவுதான், அளவும் அதேதான். மாறியது துகள்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டுமே. மேட்டுநில உழவு புட்டு மாவைக் கேட்கிறது. நெல் வயலில் சேறடிப்பது வேண்டுமென்றே களி கிண்டும் வேலை.

சேறடிக்கும்போது நடப்பது இது. காய்ந்த திரளுக்குள் தண்ணீர் திடீரெனப் புகும்போது உள்ளே அகப்பட்ட காற்று அதைப் பிளக்கிறது. பிளந்ததைச் சில்லும் ரொட்டவேட்டரின் கத்தியும் கசக்குகின்றன. ஒரு மில்லிமீட்டரின் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறிய களித்துகள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தண்ணீரில் மிதக்கின்றன. இயந்திரம் வரம்பேறிய பின் மணல் முதலில் படியும், அடுத்து வண்டல், கடைசியாகக் களி. தட்டை வடிவக் களித்துகள்கள் மேலே படிந்து, எஞ்சிய துளைகளையும் அடைத்துவிடும். குழாயின் அகலம் பாதியானால் அதில் ஓடும் தண்ணீர் பாதியாகும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. துளைகள் கொஞ்சம் ஒடுங்கினாலே வயல் தண்ணீர் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். நன்றாகச் சேறடித்த களிமண் வயலில் தண்ணீர் கீழே இறங்குவது நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஊர் வளவு மணலில் களித்துகள் சொற்பம். துளைகளை அடைப்பதற்கு அங்கே ஆள் இல்லை.

காலைத் தடுக்கும் தரை இந்தச் சேற்றுக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு போகமும் கத்தி ஒரே ஆழத்தில், ஏறத்தாழ ஒரு சாண் அளவுக்குள், சுழல்கிறது. அதற்குக் கீழே உள்ள மண்ணை அது வெட்டுவதில்லை. அதன் மேற்பரப்பைத் தேய்த்து மெழுகிவிட்டுப் போகிறது. அந்த இடத்தில்தான் சில்லின் எடையும் இறங்குகிறது. மேலே இருந்து வடியும் களி அங்கே தங்குகிறது. பல வருடங்கள் இது திரும்பத் திரும்ப நடந்தால் சில அங்குலத் தடிப்பில் இறுகிய அடுக்கு ஒன்று உருவாகிவிடும். இதை உழவடித்தட்டு என்று அழைப்போம். இரண்டு டன் இயந்திரம் புதையாமல் ஓடுவது இதன் தயவில்தான். தட்டு உடைந்த இடத்தில் சில்லு அச்சுவரை இறங்கிவிடும்; பிறகு இன்னொரு மிசினைக் கொண்டுவந்து கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும்.

இந்தத் தட்டை முதலில் போட்டது இயந்திரம் அல்ல, எருமை. மந்தையை வயலுக்குள் இறக்கிச் சுற்றிச்சுற்றி மிதிக்கவிடும் வழக்கம் கிழக்கிலங்கையில் நெடுங்காலம் இருந்தது. எருமையின் இடத்துக்கு இயந்திரம் வந்த கதையில் முக்கியமான பெயர் ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்த இலங்கையர். 1950களில் சேற்று வயலுக்கென்று இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். லேண்ட்மாஸ்டர் என்ற பெயரில் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் அது தயாராகிப் பல நாடுகளுக்குப் போனது. இன்றும் எங்கள் பகுதியில் எந்த நிறுவனம் செய்த இரண்டு சில்லு இயந்திரமானாலும் அது லேண்ட்மாஸ்டர்தான்.

அவர் அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையில் இவ்வளவு இடம் பெற்றிருக்கமாட்டார். தான் இயந்திரமாக்கியது விவசாயத்தை அல்ல, எருமையை மட்டுமே என்று பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார். உழுவது எதற்காக என்ற கேள்வியைக் கேட்காமல், எருமை செய்த வேலையை வேகமாகச் செய்யும் கருவியைச் செய்துவிட்டோம் என்பது அவர் வாதம். நைஜீரியாவின் இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரிந்தபோது எதிர்த்திசையில் போனார். உழாத நிலத்தில், சருகு மூடியிருக்கும்போதே விதையிடுவதற்குக் கையால் தள்ளும் ஒரு சில்லை அங்கே செய்தார்கள். சில்லைச் சுற்றி உள்ளீடற்ற கூரிய அலகுகள் இருக்கும். உருளும்போது ஒவ்வொரு அலகும் சருகைத் துளைத்து மண்ணில் இறங்கித் திறந்து, விதையைப் போட்டுவிட்டு மூடிக்கொள்ளும். புரட்டப்படும் மண் ஒரு கைப்பிடிகூட இல்லை.

அவருடைய கேள்விக்கு மண்ணியல் தரும் பதில், உழவு என்ற பெயரில் நாம் செய்வது ஒரு வேலை அல்ல, நான்கு வேலைகள் என்பதுதான். களையைக் கொல்வது, விதை மண்ணோடு ஒட்டும்படி மேல்மண்ணைப் பக்குவமாக்குவது, பழைய தாளையும் எருவையும் உள்ளே புதைப்பது, நெல்லாயின் தண்ணீர் பிடிக்கவைப்பது. இவற்றில் விளைச்சலை உண்மையில் தீர்மானிப்பது எது என்று 1930களில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் கீனும் ரசலும் ஆறு வருடம் பரிசோதித்தார்கள். ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றை ஆழமாகவும் சிலவற்றை மேலாகவும், சிலவற்றை ஒருமுறையும் சிலவற்றைப் பலமுறையும் உழுதார்கள். களை கட்டுப்பட்டிருந்தவரை மேலதிக உழவு மேலதிக விளைச்சலைத் தரவில்லை. அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் நம்பப்பட்டதற்கு இது நேர்மாறு. உழவின் பலனில் பெரும்பங்கு களையெடுப்பின் பலன் என்பது அப்போது தெளிவானது.

அப்படியானால் நம் முன்னோர் கோடை உழவைப் போற்றியது வீணா? ஒரு பலப் புழுதி காற்பலமாகக் காயும்படி உழுதுபோட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது குறளின் உழவு அதிகாரம். 1950களில் கென்யாவில் வேலை செய்த பேர்ச் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மண்ணை நன்றாகக் காயவைத்துப் பிறகு நனைத்தால் அதிலிருந்து கரியமிலவாயு திடீரெனப் பெருகி வருவதை அவர் அளந்தார். காய்ச்சலில் இறந்த நுண்ணுயிர்களையும் வெளிப்பட்ட மட்கையும் புதிய நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்பதால் வரும் மூச்சு அது. அந்தத் தீனியில் மிஞ்சும் நைதரசன் பயிருக்குக் கிடைக்கிறது. புழுதி விதைப்புச் செய்த மானாவாரி வயலில் ஐப்பசியின் முதல் மழைக்குப் பிறகு பயிர் யூரியா இல்லாமலே பச்சைப்பிடிப்பதில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் இந்த நைதரசன் புதிதாக வந்ததல்ல, மண்ணின் சேமிப்பிலிருந்து எடுத்தது. எருவும் வைக்கோலும் திரும்பப் போகாவிட்டால் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குறையும்.

தட்டு இருப்பதைக் காலால் அறியலாம். அது எவ்வளவு இறுக்கம், வேருக்கு என்ன செய்கிறது என்பதை அறியக் கருவி வேண்டும். எளிமையானது ஓர் இரும்புக் குழாய் வளையம். அதை மண்ணில் அடித்து இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணை உலர்த்தி நிறுத்தால், ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் எடை கிடைக்கும். இது பருமனடர்த்தி. துளையே இல்லாத மண் என்றால் 2.65 கிராம் வரும். தளர்வான மேல்மண்ணில் 1.3 கிராம் வரும். அதாவது பாதி இடம் வெறுமை. உழவடித்தட்டில் இது 1.6, 1.7 வரை ஏறும். வெறுமை பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. காணாமல் போனது பெரிய துளைகள். காற்றும் வேரும் போகும் வழி அதுதான்.

இரண்டாவது கருவி ஊடுருவல்மானி. நுனியில் கூம்பு பொருத்திய கம்பியை மண்ணுக்குள் மெதுவாக அழுத்தி, எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு ஆழத்திலும் குறிப்பார்கள். சேற்றில் கருவியின் முள் அசையாது. ஒரு சாண் தாண்டியதும் துள்ளி ஏறும். தட்டைக் கடந்ததும் மறுபடி இறங்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இருபது கிலோ என்ற எல்லையைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும்.

வேர் நிற்பது பலமில்லாமலா? 1893இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் பிஃபெஃபர் முளைத்த வேர்களைச் சிப்சக் கட்டிகளுக்குள் வார்த்து, வளரும் வேர் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று அளந்தார். வேருக்கு வியக்கத்தக்க பலம் உண்டு என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் இறுகிய மண்ணில் அது நின்றுவிடுகிறது. 2021இல் நாட்டிங்காம், ஷாங்காய் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த குழு ஒன்று, காரணம் முழுக்க முழுக்கப் பலம் சார்ந்ததல்ல என்று காட்டியது. வேர் நுனி எப்போதும் எதிலீன் என்ற வாயுவைச் சிறிதளவு வெளிவிடுகிறது. வாழைக்குலையைப் பழுக்கவைக்கும் அதே வாயு. தளர்ந்த மண்ணில் அது துளைகள் வழியே பரவிப் போய்விடும். துளைகள் அடைபட்ட மண்ணில் அது வேரைச் சுற்றியே தங்கிவிடுகிறது. எதிலீன் சேர்ந்தால் வேர் நீள்வதை நிறுத்திப் பருக்கத் தொடங்கும். எதிலீனை உணர முடியாத மரபுப்பிறழ்வு நெல்லை இறுகிய மண்ணில் வளர்த்தபோது அதன் வேர், சாதாரண நெல்லின் வேர் நின்ற மண்ணுக்குள் நன்றாகவே ஊடுருவியது. ஆக, வேர் நிற்பதற்கு அதற்குக் கிடைக்கும் ஒரு செய்தியும் காரணம்.

நெல்லுக்கு இது பெரிய கேடல்ல. வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். வெள்ளம் கட்டிய வயலில் எதிலீன் தேங்கத்தான் செய்யும். நெல் அந்த வாயுவையே பயன்படுத்தித் தன் வேருக்குள் காற்றுக் குழல்களைப் பெருக்கிக்கொள்கிறது. இலை வழியே வரும் ஒட்சிசன் அந்தக் குழல்களால் வேருக்கு இறங்கும். சிக்கல் அறுவடைக்குப் பின்னால் வருகிறது. அதே வயலில் சிறுபோகத்துக்குச் சோளனோ கச்சானோ கௌபியோ போட்டால், அவற்றின் வேர் ஒரு சாணோடு நின்றுவிடும். இரண்டு முழம் கீழே ஈரம் இருக்கும்; மேலே பயிர் வாடும். நெல்லுக்குப் பத்திரமாகத் தண்ணீர் பிடித்த அதே தட்டு அடுத்த பயிரைத் தாகத்தில் விடுகிறது.

இயந்திரம் பெருக்கப் பெருக்கத் தட்டு தடிக்கும். இதில் இரண்டு விதிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். முதலாவது எடை பற்றியது. மேல்மண்ணில் விழும் அழுத்தத்தை டயரின் அகலமும் காற்றும் தீர்மானிக்கின்றன. ஆழத்தில் விழும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அச்சில் ஏறும் மொத்த எடை. அகன்ற டயரோ றப்பர் சங்கிலியோ மாட்டினால் மேலே தடம் பதியாது. மூன்று டன் அறுவடை இயந்திரத்தின் எடை அதனால் குறைந்துவிடாது. தடம் தெரியவில்லை என்பதால் அடிமண் தப்பியது என்று பொருளில்லை.

இரண்டாவது ஈரம் பற்றியது. கலிபோர்னியாவில் அணைகள் கட்டிய பொறியாளர் புரொக்டர் 1933இல் இதை முறைப்படுத்தினார். காய்ந்த மண் நசுங்காது. துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும். தண்ணீர் நிறைந்த மண்ணும் நெருங்காது. துளையில் இருக்கும் தண்ணீருக்குப் போக இடமில்லை. நடுவில் ஓர் ஈரப்பதம் இருக்கிறது. அதில்தான் அதே எடைக்கு மண் அதிகமாக இறுகும். அணைக்கட்டுக்கு மண் போட்டு உருளை ஓட்டுபவர்கள் இந்த ஈரத்தைத் தேடிப்பிடிப்பார்கள். விவசாயி இதே ஈரத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். மேட்டுப்பயிர் போட இருக்கும் நிலத்தில் கத்தி இறங்கும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். தீக்குச்சித் தடிப்புக்குத் திரிபோல உருண்டு வந்தால் இயந்திரத்தை இறக்க வேண்டாம். உருளும்போதே உதிர்ந்தால் அதுவே உழவுப் பதம்.

தட்டை உடைக்கத் தமிழ்நாட்டில் உளிக்கலப்பை இருக்கிறது. மண்ணைப் புரட்டாமல் நேராகக் கீறிக்கொண்டு போகும் ஒற்றை இரும்பு உளி. அடிமண் இறுகிய நிலங்களில் அரை மீட்டர் இடைவெளி விட்டு, ஒன்றேகால் அடி ஆழத்துக்கு மேல் இறக்கி, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மண் காய்ந்திருந்தால்தான் தட்டு வெடித்து நொறுங்கும்; ஈரத்தில் ஓட்டினால் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். ஆனால் மாரியில் நெல்லும் சிறுபோகத்தில் வேறு பயிரும் போடும் வயலில் உளி இறக்குவது இருமுனைக் கத்தி. இந்த வருடம் கச்சான் வேர் இறங்கும். அடுத்த மாரியில் தண்ணீரும் இறங்கும், மிசினும் இறங்கும்.

தட்டை உடைப்பது, அப்படியே விடுவது என்ற இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்றைக் காவிரிப் படுகை விவசாயிகள் வெகுகாலமாகக் கையாள்கிறார்கள். நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையோ பயறையோ வீசிவிடுவார்கள். உழவில்லை, தனி நீரில்லை. வயல் காயக் காயக் களி வெடிக்கும். வேர் அந்த வெடிப்பு வழியே தட்டைத் தாண்டிக் கீழே இருக்கும் ஈரத்தை எட்டும். தட்டை இரும்பு உடைக்க வேண்டியதில்லை, வெயில் திறந்துவிடும். நேரம் தவறினால் மட்டும் காரியம் கெடும்: முந்தினால் விதை அழுகும், பிந்தினால் மேல்மண் காய்ந்துவிடும். களிமண் வயலுக்கே இது பொருந்தும், மணல் வெடிக்காது.

ஆகவே எத்தனை உழவு என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, இந்த நிலத்தில் இந்தப் போகத்தில் உழவு எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது. தண்ணீர் பிடிக்கவைக்கவா? களி போதிய வயலில் ஒரு சேறடிப்பும் நல்ல மட்டமும் அதைச் செய்துவிடும். வயல் மேடும் பள்ளமுமாக இருந்தால் நாலாவது உழவும் அதைச் செய்யாது. களையைக் கொல்லவா? முதல் உழவுக்கும் இரண்டாவதற்கும் இடையே களை முளைக்க அவகாசம் விட வேண்டும். ஒரே நாளில் இரண்டு சால் ஓட்டினால் டீசல்தான் செலவாகும். ஊர்க்கரை மணலில் வெங்காயமா? அங்கே கிளறக் கிளற மட்கு எரிந்து போகும். இரும்பைவிட எருவுக்குப் பணம் செலவழிப்பது நல்லது.

ஊடுருவல்மானி எல்லார் கையிலும் இராது. விரல் தடிப்புக் கம்பி ஒன்றை நுனி கூராக்கி எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து, சில்லு ஒருபோதும் ஏறாத இடத்தில், பழைய மரத்தடியிலோ வேலியோரத்திலோ, முதலில் குத்திக் கை எவ்வளவு அழுத்துகிறது என்று பழகுங்கள். பிறகு வயலில் பத்து இடத்தில் குத்தி, கம்பி தடுக்கும் ஆழத்தைத் துணித்துண்டு கட்டி அடையாளம் செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் தடுத்தால் அது பெரும்பாலும் இயற்கை மண்ணின் வேலை அல்ல, நம் இயந்திரங்கள் போட்ட தட்டு. மிசினுக்கு ஏக்கர் கணக்கில் கூலி பேசுவதற்கு முன் செய்யத்தக்க சோதனை இது. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும், ஒரு சதமும் செலவில்லை.